வரவேற்புக்குப் போட்ட பொடி

1

காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். சமையலறை ஜன்னல் வழியே முதலில் கண்ணில் பட்டது, விளக்கு வெளிச்சத்தில் தெருவின் இரண்டு ஓரமும் வெளுத்துக் கிடந்ததுதான். உறைபனி விழும் என்று முந்தின நாளே அறிவித்திருந்தார்கள். நகராட்சி லாரி வந்து உப்புத் தூவிவிட்டுப் போயிருந்தது. சைக்கிள்கள் வழுக்காமல் இருக்க நெதர்லாந்தில் குளிர்காலம் முழுக்கச் செய்வது இது. எனக்கு இது ஆறாவது குளிர்காலம், பழகியிருக்க வேண்டும். ஆனாலும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "யாரு வருதா?" என்று கேட்டேன்.

என் மனைவி செண்பகம் மகளின் மதிய ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "யாரும் வரல. உப்பு," என்றாள். பிறகு கத்தியை நிறுத்தி, "இன்னையோட ஒரு வருசம் ஆகுதுலா," என்றாள்.

மகள் கோமதிக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டச்சில் ஒரு வாக்கியம் சொன்னாள். எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியில் மரியாதை இல்லை.

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பது தென்காசிப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊரில் பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் சாலை ஓரத்தில் பிளீச்சிங் பவுடரால் கோடு இழுப்பார்கள். திருநெல்வேலியில் பதினோரு ஆண்டுகள் நிருபராக இருந்தேன். யார் வருகிறார் என்பதை அழைப்பிதழைப் பார்க்காமலே பொடியை வைத்துச் சொல்லிவிடுவேன். தாசில்தார் என்றால் ஒரு ஓரம். ஆட்சியர் என்றால் இரண்டு ஓரம். அமைச்சர் என்றால் இரண்டு ஓரமும், வழியில் உள்ள வேகத்தடைகளைச் சுற்றி ஒரு வளையமும். அது கிருமியைக் கொல்வதற்காகப் போடப்படுவது என்பது எங்களில் யாருக்கும் நினைவில் இருந்ததில்லை. அது மரியாதை.

2

செண்பகம் கீழப்பாவூர்ப் பெண். சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சியாளர். அவளுக்கு இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்ததால் நாங்கள் மூவரும் வந்தோம். நான் இப்போது ஒரு தொடக்கப் பள்ளியில் மதிய நேரத்தில் பிள்ளைகள் சாப்பிடுவதை மேற்பார்வை பார்க்கிறேன். ஒரு மணி நேர வேலை. பெரும்பாலும் ரொட்டியின் மேல் தூவிய சாக்லேட் துகள் யார் தலையில் விழுந்தது என்ற விசாரணை.

வந்த புதிதில் பள்ளித் தாய்மார்கள் என் மனைவி என்ன செய்கிறாள் என்று கேட்டார்கள். என்னிடம் இருந்த டச்சில் ஆராய்ச்சி என்பதற்கு வார்த்தை இல்லை. சாக்கடைக்கும் வேலைக்கும் வார்த்தை இருந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு நான்கு பேர் கையுறையும் இரண்டு பேர் கைக்குத் தடவும் கிரீமும் கொடுத்தார்கள். கையுறைகள் நல்ல தரம். இன்னும் அவள் அதைத்தான் போடுகிறாள்.

அவள் வேலையை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். காற்றுப் போகாத ஆழத்துச் சேற்றில் ஒரு வகை நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை தண்ணீரில் வரும் அழுக்கைத் தின்னும். தின்றபின் மிஞ்சும் மின்னூட்டத்தை எங்காவது இறக்கிவிட வேண்டும். சேற்றுக்குள் ஒரு கார்பன் விரிப்பைப் புதைத்து, தண்ணீரின் மேலே ஒரு தட்டை மிதக்கவிட்டு, இரண்டுக்கும் நடுவில் கம்பி இழுத்தால் மின்சாரம் ஓடும். மிகக் கொஞ்சம். ஆனால் அழுக்கு குறைந்துகொண்டே வரும்.

இதை ஆய்வுக்கூடத்தில் பாட்டிலுக்குள் செய்தாயிற்று. ஊருக்குள் செய்து காட்ட அவள் தேர்ந்தெடுத்த இடம் குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவே, விடுதிகள் நெருங்கி நிற்கும் ஒரு சிற்றூர். பெயரைத் தவிர்க்கிறேன். அதன் ஊராட்சித் தலைவர் எனக்குச் சித்தப்பா முறை. விடுதிகளின் குளியல் தண்ணீரும், எண்ணெய் தேய்த்துவிடும் கடைகளின் தண்ணீரும் ஒரே ஓடையில் சேர்ந்து வயல் பக்கம் போகின்றன. ஓடை ஓரத்தில், உறைக்கிணற்றுக்கு இறக்குவோமே அந்தச் சிமெண்ட் உறைகள் ஆறு இறக்கினாள். ஒவ்வொன்றிலும் சேறு, கார்பன் விரிப்பு, மிதக்கும் தட்டு. ஆறிலும் சேரும் மின்சாரம் ஒரு சிறு பெட்டியில் நிரம்பி, நிரம்பியதும் ஒரு சிவப்பு விளக்கு ஒரு முறை சிமிட்டும். பதினோரு விநாடிக்கு ஒரு சிமிட்டல். அதுதான் சரியான கணக்கு.

சபரிமலைக்குப் போகிறவர்கள் குற்றாலத்தில் குளிக்கும்போது விரதத்தில் இருப்பார்கள், எண்ணெய் தொடமாட்டார்கள். மாலையைக் கழற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள் தொடுவார்கள். எண்ணெய் கூடினால் மின்சாரமும் கூடும்; செண்பகத்தின் வரைபடத்தில் மகரஜோதி ஒரு மேடாகத் தெரியும்.

ஓடைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த அண்ணாச்சி முதல் நாளே கேட்டார். "இதுல செல்போன் சார்ஜ் ஏறுமா?"

"ஏறாது அண்ணாச்சி," என்றாள் செண்பகம்.

"ஃபேன் ஓடுமா?"

"ஓடாது."

"ஆறு கிணறு வெட்டி ஒரு பொட்டு வெளிச்சமா. வேப்ப மரத்துல மின்மினி இத விட நல்லா எரியுதே."

"வெளிச்சத்துக்கு இல்ல அண்ணாச்சி. தண்ணி சுத்தமாவுது. உள்ள வேல நடக்குதான்னு இந்த லைட்டு சொல்லுது, அவ்வளவுதான்."

"அப்ப இது லைட்டு இல்ல. நாடி."

இரண்டு ஆண்டுகளில் அந்தத் திட்டத்தைப் பற்றிக் கேட்ட விளக்கங்களில் இதுதான் சுருக்கமானது. அவள் தன் அறிக்கையிலும் சேர்த்துக்கொண்டாள்.

3

போன வருடம் பொங்கல் கழிந்த வாரம், திட்டத்துக்கு நிதி கொடுக்கும் அமைப்பிலிருந்து யாப் என்ற மதிப்பீட்டாளர் நேரில் பார்க்க வந்தார். செண்பகத்தின் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிவதாக இருந்தது. யாப் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் நீட்டிப்பு. இல்லையென்றால் ஒப்பந்தம் முடியும். அதோடு எங்கள் மூவரின் வசிப்பு அட்டையும் முடியும். அட்டை முடிந்த குடும்பத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று குடியேற்ற அலுவலகம் ஒரு கையேடு அனுப்பியிருந்தது. அட்டைப் படத்தில் ஒரு குடும்பம் பெட்டியோடு சிரித்துக்கொண்டிருந்தது. கோமதி அதை எடுத்துத் தன் படுக்கைக்கு அடியில் வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "பாக்கப் பிடிக்கல," என்றாள். அது தமிழில் சொன்னது.

வேலையை முன்னிட்டு மூவரும் ஊரில் இருந்தோம். யாப் வரவிருந்த அன்று காலை ஆறு பத்துக்கு நானும் செண்பகமும் கீழப்பாவூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினோம். ஊர் வளைவிலேயே கோடு தொடங்கியது. இரண்டு ஓரம். வேகத்தடைக்கு வளையமும் இருந்தது. அமைச்சர் யாரோ குற்றாலத்துக்கு வருகிறார் போல என்று நினைத்தேன். ஆனால் கோடு பெரிய சாலையில் நேரே போகாமல் ஓடைப் பக்கம் திரும்பியது. ஆறு உறைகளையும் தனித்தனியாகச் சுற்றி வந்தது. உறைகளுக்கு உள்ளேயும் இறங்கியிருந்தது. தண்ணீர் மேல் மோர் தெளித்தது போல மிதந்தது.

சித்தப்பா முத்துப்பாண்டி கரையில் நின்றுகொண்டிருந்தார். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சஃபாரி சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, கையில் லத்தி மட்டும்தான் இல்லை.

"வாலே. எப்படி இருக்கு நம்ம பந்தோபஸ்து?"

"சித்தப்பா, உறைக்குள்ளயும் போட்டிருக்கியளா?"

"பின்ன? வெளிய பளிச்சுன்னு வச்சுட்டு உள்ள நாறுச்சுன்னா அசிங்கம்லா. வெள்ளைக்காரன் மூக்கு நீளம். மூணு மூட கொட்டியிருக்கேன். இனி ஒத்தக் கிருமி இருக்காது இங்கன. கேரண்டி."

செண்பகம் ஸ்கூட்டர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு உறை அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மீட்டரை எடுத்துக் கம்பியில் வைத்தாள். அப்போதுதான் நான் விளக்கைப் பார்த்தேன். சிமிட்டியது. மூன்று எண்ணுவதற்குள் மறுபடி சிமிட்டியது.

"பாத்தியாம்மா," என்றார் சித்தப்பா. "சுத்தமா இருந்தா அதுகளுக்கும் ஒரு உற்சாகம் வருதுலா."

டீ சொல்ல அவர் கடைப் பக்கம் போனதும் அவள் மெதுவாக விளக்கினாள். மேலே மிதக்கும் தட்டு வழக்கமாகக் காற்றில் உள்ள ஆக்ஸிஜனை வைத்து வேலை செய்யும். இப்போது அதற்குக் குளோரின் கிடைத்திருக்கிறது. ஆக்ஸிஜனைவிடப் பல மடங்கு வேகமாக இழுக்கும்.

"நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏத்துன மாதிரி துள்ளுது. ஆனா பவுடர் கரைஞ்சு சேத்துக்கு இறங்க இறங்க, கீழ இருக்க அத்தனையும் செத்துரும். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுரும்."

"யாப் எத்தன மணிக்குக் கிளம்புதாரு?"

"ஒன்பதரைக்கு வருதாரு. பதினோரு மணிக்குக் கார். புளியறை வழியா திருவனந்தபுரம், அங்கேருந்து ராத்திரி ஃபிளைட்."

நான் கணக்குப் போட்டேன். "அப்ப சரியாப் போச்சு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறர் மறைத்ததைத் தோண்டி எழுதியே பதினோரு ஆண்டுகள் சம்பளம் வாங்கியவன் நான். என் வீட்டில் மறைக்க ஒன்று வந்தபோது முடிவெடுக்க எனக்கு ஆன நேரம் இரண்டு விநாடி. விளக்கு அதற்குள் ஒரு முறைகூடச் சிமிட்டவில்லை.

"அவரு கேட்டா சொல்லுவோம்," என்றேன்.

"கேக்கதுக்கு அவருக்கு என்ன தெரியும்? மூணு விநாடின்னு குறிச்சுக்கிட்டுப் போயிருவாரு. அடுத்த வருசம் இன்னொருத்தி இதப் படிச்சிட்டு வேற ஊர்ல ஆறு உறை இறக்குவா. மூணு வராது. தான் என்ன தப்புப் பண்ணினோம்னு உக்காந்து அழுவா."

நான் டீ வாங்கப் போனேன்.

4

யாப் ஒன்பது இருபத்தைந்துக்கே வந்துவிட்டார். ஆறரை அடி உயரம். மாலை போடுவதற்குச் சித்தப்பா பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறினார். பொன்னாடை, சந்தனம், பன்னீர், இளநீர். யாப்பை அழைத்துவரப் போன செண்பகத்தின் தம்பியோடு கோமதியும் அந்தக் காரிலேயே வந்திருந்தாள். யாப்பிடம் டச்சில் பேசிக்கொண்டே இறங்கினாள். ஊரில் அவள் டச்சு பேசியதைச் சித்தப்பா அன்றுதான் முதலில் கேட்டார்.

"ஏலே, புள்ள அவனுக்கே பாடம் எடுக்கா," என்றார் என்னிடம்.

யாப் தரையைக் காட்டி இது என்ன என்று கேட்டார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன்.

"சொல்லு, அவருக்கு மரியாதைன்னு."

சொன்னேன். யாப் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். கோட்டை மிதிக்காமல் ஒவ்வொரு முறையும் தாண்டித் தாண்டி நடந்தார். பிறகு விளக்கருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். அறிக்கையில் பதினொன்று என்று படித்திருந்தார். இங்கே மூன்று. முகம் மலர்ந்து, செண்பகத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

செண்பகம் அளவெடுக்கப் போட்டிருந்த கையுறையைக் கழற்றவில்லை. ஆங்கிலத்தில், செய்தி வாசிப்பது போன்ற குரலில் சொன்னாள்: இந்த விளக்கு இப்போது சொல்வது உண்மை இல்லை. கிருமிநாசினி விழுந்திருக்கிறது. உங்களால் மதியம் வரை இருக்க முடிந்தால் உண்மை தெரியும்.

யாப் கையை மடக்கிக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார். மதியம் இங்கே சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டார்.

மொழிபெயர்க்கத் தேவையில்லாமலே சித்தப்பாவுக்கு அது புரிந்தது. "சாப்பாடா? ஆட்டுக்கறிக் கொழம்பு அடுப்புல கொதிக்குது. இருக்கச் சொல்லு."

நாற்காலிகள் போட்டு வரிசையாக உட்கார்ந்தோம். யாப் கடிகாரத்தை வைத்து எண்ணினார். கோமதி டச்சில் எண்ணினாள். அவள் எண்ணுவது டச்சில், கோபப்படுவது டச்சில், பசிக்கிறது என்று சொல்வது மட்டும் இன்னும் தமிழில். சித்தப்பா எதற்கு எண்ணுகிறோம் என்று கேட்காமலே ஒண்ணு ரெண்டு மூணு என்று தனியாக எண்ணினார். டீக்கடை அண்ணாச்சி கடையை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றார்.

பத்தரைக்கு ஐந்து விநாடி. பதினொரு மணிக்கு ஒன்பது. கார் ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். பதினொன்று இருபதுக்கு, ஒரே ஒரு சுற்று, சரியாகப் பதினொன்று வந்தது. செண்பகம் ஏதோ தெரிந்தவரைப் பேருந்தில் பார்த்தது போல நிமிர்ந்தாள். அடுத்தது பதினேழு. பிறகு நாற்பது. மணி பன்னிரண்டு நான்கு ஆனபோது ஒரு முறை சிமிட்டியது. அடுத்ததற்குச் சித்தப்பா இருநூற்று நாற்பது வரை எண்ணினார்.

"நாடி நின்னுபோச்சு," என்றார் அண்ணாச்சி.

சித்தப்பா எழுந்தார். "என்னம்மா, வயரு விட்டுப் போச்சா?"

"வயரு இல்ல மாமா. உள்ள இருந்ததெல்லாம் செத்துப் போச்சு. பவுடர் போட்டம்லா, அதுல."

"எது செத்துச்சு?"

"கிருமி. அதுகதான் இத்தன நாளும் தண்ணியச் சுத்தம் பண்ணுச்சு. லைட்ட எரிச்சதும் அதுகதான்."

சித்தப்பா உறைக்குள் எட்டிப் பார்த்தார். "எத்தன செத்திருக்கும்?"

"கோடிக் கணக்குல."

முப்பத்தொரு ஆண்டுகள் காவல் துறையில் இருந்த மனிதர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கேஸ் எதும் வராதுலா?"

"கேஸ் வராது மாமா. இவரு நல்லபடியா எழுதலன்னா எங்க விசா போயிரும். மார்ச்சுல மூணு பேரும் மூட்ட கட்டணும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாலைக்காக ஏறி நின்ற அதே நாற்காலி. "நீ முதல்லயே சொல்லிருக்கலாம்லா தாயி. நான் ஒரு மரியாதைக்குத்தான..." என்று தொடங்கி முடிக்கவில்லை. பிறகு எழுந்து நேரே யாப்பிடம் போனார். நிமிர்ந்து நின்று, "சார். மிஸ்டேக் மைன். மேடம் நோ மிஸ்டேக். ஐ கிவ் ஸ்டேட்மெண்ட்," என்றார்.

ஊராட்சித் தலைப்பிட்ட தாள் வந்தது. ஆயுள் முழுக்க அடுத்தவர் வாக்குமூலத்தை எழுதி வாங்கியவர், தன்னுடையதை எழுத உட்கார்ந்தார். எத்தனை மணிக்கு எந்த உறையில் எத்தனை படி பொடி போடப்பட்டது, யார் போட்டது, கொட்டும்போது காற்று எந்தப் பக்கம் வீசியது, எந்த மூட்டை எந்தக் கடையில் வாங்கியது, எல்லாம் எழுதினார். "மேற்படி கிருமிகள் மீது எனக்கு முன்விரோதம் எதுவும் கிடையாது" என்றும் எழுதினார். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, சாட்சியாக டீக்கடை அண்ணாச்சியிடமும் கையெழுத்து வாங்கினார். யாப் அதை இரண்டு கைகளாலும் வாங்கிப் பையில் வைத்தார். பிறகு மூன்று முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். விமானத்தைப் பிடித்தாரா என்று அன்று எங்களுக்குத் தெரியாது.

கீழப்பாவூருக்கு மூவரும் ஸ்கூட்டரில் திரும்பினோம். நடுவில் உட்கார்ந்திருந்த கோமதி, "பதினொண்ணு ஒரு தடவ சரியா வந்துச்சுல்ல," என்றாள். தமிழில்.

5

ஐந்து வாரம் கழித்து ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நெதர்லாந்தில் அரசு ஏற்கும் மொழிபெயர்ப்பாளர்களில் தமிழுக்கு உள்ளவர், யாழ்ப்பாணத்துக்காரர். சித்தப்பாவின் வாக்குமூலத்தை அறிக்கையில் இணைக்க வேண்டும் என்று யாப்பின் அலுவலகம் அவரிடம் கொடுத்திருந்தது. கட்டிய கணவன் மொழிபெயர்த்தால் செல்லாதாம்.

"அண்ணை, ஒரு சந்தேகம். மரியாதையின் நிமித்தம் கிருமியளக் கொன்றதெண்டு எழுதியிருக்கு. அது சரிதானோ?"

"சரிதான்," என்றேன்.

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "முன்விரோதம் எண்டும் கிடக்கு."

"அதுவும் சரிதான்."

"ஓம், நான் அப்பிடியே போடுறன்," என்றார்.

அறிக்கையை நான் பிறகு படித்தேன். விளக்கை எரிய வைத்தது நுண்ணுயிர்களே என்பதற்கு இதுவரை கிடைத்த தெளிவான சான்று, அவை கொல்லப்பட்ட நாளின் பதிவு என்று யாப் எழுதியிருந்தார். எந்த உறையில் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற விவரம் இவ்வளவு துல்லியமாக ஆய்வுக்கூடங்களிலேயே கிடைப்பதில்லை என்றும் எழுதியிருந்தார். சித்தப்பா மூன்றாம் இணைப்பு. முடிவு: ஓராண்டு நீட்டிப்பு. புதுச் சேறு நிரப்பி மறுபடி இயக்க வேண்டும். ஓராண்டு கழித்து அவரே நேரில் வந்து பார்ப்பார். அதன்பின்தான் மேற்கொண்டு நீட்டிப்பதா என்ற முடிவு. வசிப்பு அட்டைகள் ஓராண்டுக்கு வந்தன. கையேடு இன்னும் கோமதியின் படுக்கைக்கு அடியில்தான் இருக்கிறது.

புதுச் சேற்றைச் சித்தப்பாவே முன்னின்று ஓடையின் மேல் பகுதியிலிருந்து எடுத்துப் போட்டார். இருபத்து மூன்றாம் நாள் விளக்கு சிமிட்டியது. பதினொன்றுக்கு வர மூன்று மாதம் ஆனது. உறைகளைச் சுற்றி வேலி போட்டு, "உயிர்கள் வாழும் இடம். பவுடர் போடுபவர் மீது நடவடிக்கை" என்று பலகை வைத்திருக்கிறார். தினமும் காலையில் போய் நின்று எண்ணி, எனக்கு வாட்ஸப்பில் குரல் அனுப்புகிறார். "ஏலே, பதினொண்ணு." சில நாள், "பன்னெண்டு. நேத்து கூட்டம் கம்மி." அவ்வளவுதான் செய்தி. எங்கள் பத்திரிகை ஆசிரியர் இவரிடம் வேலை கற்றிருக்கலாம்.

போன மாதம் அந்த ஊர் வழியாகப் பெரிய அதிகாரி ஒருவர் போனபோது சாலையில் கோடு போட வந்த ஆட்களைச் சித்தப்பா ஓடைக்கு இருநூறு அடி முன்பே நிறுத்தித் திருப்பி அனுப்பியதாக அண்ணாச்சி சொன்னார். அங்கே வரை வெள்ளை, அப்புறம் வெறும் மண். அதிகாரி காரை நிறுத்தி என்ன என்று கேட்டாராம். சித்தப்பா அவரையும் உட்கார வைத்து எண்ணச் சொன்னாராம்.

ஆனால் அது அதிகாரி. உள்ளூர்க்காரர். யாப் அப்படியில்லை. ஐயாயிரம் மைல் தாண்டி வந்தவரை ஓடைக் கரையில் மதியம் வரை காத்திருக்க வைத்துவிட்டேனே, இன்னொரு தடவை வந்தால் குறை வைக்கமாட்டேன் என்று சித்தப்பா பொங்கலுக்குப் பேசும்போதும் சொன்னார். என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அத விடு, நான் பாத்துக்கிடுதேன்," என்றார்.

இன்று காலை உப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே கைபேசி ஒலித்தது. கோமதி எட்டி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஏலே, பதினொண்ணு. செண்பகம் டிக்கெட் போட்டுட்டாளா? கூட யாராச்சும் வருதாவளா?"

யாப் வரும் வெள்ளிக்கிழமை புறப்படுகிறார். சித்தப்பாவிடம் செண்பகம் மட்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.